கல்லில் ஜூன் முப்பது

வெர்சனே, ஜெனீவா ஏரிக்கரை
18 ஏப்ரல் 1983

கஸ்பார்,

நலம் விசாரிக்கக் கடைசியில் இடம் இருந்தால் விசாரிக்கிறேன். முதலில் விஷயம்.

நோயெமியின் கல்லறைக்குத் தவணை முடிகிறது. இந்த ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். இருபத்தைந்து வருடம் ஆனதும் வரிசையோடு கல்லைப் பெயர்த்து, மண்ணைப் புரட்டி, அடுத்து வருபவர்களுக்கு இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். வேண்டுமென்றால் வீட்டார் வந்து கையெழுத்துப் போட்டு நீட்டித்துக்கொள்ளலாம். அதற்காக நேற்று ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். இப்போது அங்கே மதாம் ஷப்புயி என்று ஒருத்தி இருக்கிறாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தபடி கேட்டாள்:

"கல்லுல ஜூன் முப்பதுன்னு வெட்டியிருக்கு. எங்க பதிவேட்டுல ஜூலை ஒண்ணுன்னு இருக்கு. எதும்மா சரி?"

"பதிவேடுதான் சரி."

"அப்போ கல்லு?"

"அது குழந்தையோட அப்பா சொன்னது."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ரெண்டும் ஒத்துப்போகாம என்னால நீட்டிச்சுக் குடுக்க முடியாதும்மா. கல்லை மாத்தணும். அதுக்கு அம்மா அப்பா ரெண்டு பேரும் நேர்ல வந்து என் முன்னாடி கையெழுத்துப் போடணும். ஜூன் முப்பது சாயங்காலம் ஆபீஸ் மூடறதுக்குள்ள. அதுக்கப்புறம் வந்து என்கிட்ட அழக் கூடாது" என்றாள்.

இதை நான் உன்னிடம் கேட்பது முதல் தடவை அல்ல. அந்த வருடமே கேட்டேன். நீ நியூயார்க்குக்குக் கிளம்பும்போது கேட்டேன். பாங்காக்கிலிருந்து திரும்பியபோது ரயில் நிலையத்தில் உன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒவ்வொரு முறையும் "பார்க்கலாம்" என்றாய். இப்போது பார்க்கிற வேளை வந்துவிட்டது.

ஜூலை ஒன்றாம் தேதி விடியற்காலையில், தோட்டத்தில் பறவைகள் கத்தத் தொடங்கிய பிறகு, குழந்தை என் மடியில் போனாள். அந்த நாள்தான் கல்லில் இருக்க வேண்டும். வா.

இடமில்லை. நலம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஆர்மெல்


நியூயார்க்
2 மே 1983

அன்புள்ள ஆர்மெல்,

உன் கடிதம் கிடைத்தது. நீட்டிப்புக்கு ஆகும் செலவு எதுவானாலும் என்னுடையது. அதில் உனக்கு யோசனை வேண்டாம்.

தேதியைப் பொறுத்தவரை, கொஞ்சம் பொறுமையாக யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அது பழகிப்போன கல். பாசி ஏறியிருக்கும். சுரண்டினால் தழும்பு தெரியும். கல்லும் பதிவேடும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்று சட்டம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஜெனீவாவில் எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்டு எழுதுகிறேன்.

ஜூன் இறுதிவரை இங்கே மாநாடு. எல்லையில் உள்ள அகதி முகாம்களுக்கு அரிசி லாரிகளை விடுவதா இல்லையா என்று பதினான்கு நாடுகள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கின்றன. எங்களுக்குக் கொடுத்த அதிகாரம் ஜூன் முப்பது நள்ளிரவோடு முடிகிறது. நான்தான் தலைவர். அக்டோபரில் ஓய்வு பெறுகிறேன் என்பதால் இதுவே கடைசி.

போன மாதம் பாரிசிலிருந்து திபோ வந்திருந்தான். என்னோடு பரீட்சை எழுதி வெளியுறவுப் பணிக்கு வந்தவன். மூன்று நாடுகளில் தூதராக இருந்து முடித்துவிட்டான். விருந்தில் எல்லோர் முன்னாலும், "கஸ்பார், நீ இன்னும் நம்ம ஆளுதானா, இல்ல உலகத்துக்கே வாக்கப்பட்டுட்டியா?" என்றான். மேஜை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். எந்த அரசின் உத்தரவையும், என் சொந்த நாட்டின் உத்தரவையும்கூட ஏற்க மாட்டேன் என்று, சர்வதேசப் பணியில் சேர்ந்த ஐம்பத்தேழில் கைதூக்கிச் சத்தியம் செய்தவன் நான். பாரிசில் என்னை அந்நியன் என்கிறார்கள், இங்கே பிரெஞ்சுக்காரன் என்கிறார்கள். இரண்டு பேரும் சொல்வது பாதி உண்மை.

இதெல்லாம் எனக்கு எதற்கு என்பாய். சரிதான். கல்லை அப்படியே விட்டுவிடு, ஆர்மெல்.

உன்
கஸ்பார்


வெர்சனே
12 மே 1983

கஸ்பார்,

உன் கடிதத்தை வாசித்தேன். அறிக்கை மாதிரியே இருக்கிறது. பத்திகளுக்கு எண் போட மட்டும் மறந்துவிட்டாய். பெற்ற பிள்ளையின் கல்லுக்கு வழக்கறிஞரைக் கேட்கிறானாம்!

அந்தக் காலையை உனக்கு ஞாபகப்படுத்தட்டுமா? நீ வீட்டுக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. மூன்று நாள் சட்டை, சுருட்டு வாடை. படியேறும்போதே, "முடிஞ்சுடுச்சு ஆர்மெல்! எட்டாயிரம் பேருக்கும் அனுமதி கிடைச்சுடுச்சு!" என்று கத்திக்கொண்டு வந்தாய். வாசலில் பக்கத்து வீட்டு மதாம் கோலே நின்றிருந்தாள். அவள் உதட்டில் விரல் வைத்தாள். அப்போதும் உன் முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை. அதை நான்தான் இறக்கி வைக்க வேண்டியிருந்தது. குழந்தை போனதைவிட அந்த ஒரு நிமிடம்தான் எனக்கு இன்னும் அடிக்கடி வருகிறது. இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

துறைமுகக் கிடங்குகளில் கிடந்த அந்த எட்டாயிரம் அகதிகள்மேல் எனக்குக் கோபமில்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அவர்களில் ஒருவரின் மகள் இன்று எங்கள் பள்ளியில் பாட்டுச் சொல்லித்தருகிறாள். நல்ல குரல். அவளைப் பார்க்கும்போது, இவள் இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கு ஆறாதது அந்தக் கல். நீ கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஜூன் முப்பது. கல்லிலும் ஜூன் முப்பது. இரண்டையும் ஒரே நாளில் போட்டு மூடிவிட்டால், மறுநாள் விடியும்போது நீ எங்கே இருந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தாயா? ஊரார் கேட்கவில்லை. நான் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

பொய்த் தேதி உள்ள கல் எனக்கு வேண்டாம். நீ வராவிட்டால், இலையுதிர் காலத்தில் அவர்கள் அந்த வரிசையைப் பெயர்க்கும்போது நான் தடுக்கப் போவதில்லை. அவள் அங்கே இருந்தாள் என்பதற்கு அடையாளமே இல்லாமல் போகட்டும்.

ஆர்மெல்


நியூயார்க்
27 மே 1983

ஆர்மெல்,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். பத்தி எண் இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

அன்றைய ஜெனீவா மாநாட்டில், அந்த எட்டாயிரம் பேரை ஏற்பதாக நாடுகள் கொடுத்த வாக்கு ஜூன் முப்பது நள்ளிரவுவரைதான் செல்லும். பேச்சோ முடியவில்லை. எங்கள் தொழிலில் அதற்கு ஒரு வழி உண்டு. மண்டபப் பணியாளர் புவாட்டார் ஏணி போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தை நிறுத்தினார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். வெளியில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியும், உள்ளே யாரும் சிரிப்பதில்லை. கடிகாரம் நிற்கிறவரை அந்த அறைக்குள் நாள் மாறாது. எப்போது பேசி முடித்தாலும் அது ஜூன் முப்பதுதான்.

ஆனால் தலைவர் நாற்காலியில் இருக்க வேண்டும். அவர் எழுந்தால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். துணைத் தலைவராக நார்வேக்காரர் ஸ்டோர்ஹைம் இருந்தார். தங்கமான மனிதர், ஆனால் அவர் வாயைத் திறந்தால் பாதிப் பேர் காபி குடிக்கப் போய்விடுவார்கள். நான் எழுந்திருந்தால் அன்று எல்லாம் கலைந்திருக்கும். கிடங்குகளில் கிடந்தவர்களைக் கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இதை நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

நீ சொல்லியனுப்பியது வந்தது. புவாட்டார் என் காதருகே குனிந்து, "வீட்லேர்ந்து வரச் சொல்றாங்க சார், குழந்தைக்கு ரொம்ப முடியலையாம்" என்றார்.

"மணி என்ன?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். "பன்னெண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு சார்" என்றார்.

தொழில் பழக்கம். அவரே ஏறி நிறுத்திய கடிகாரம் அது. நானும் தலையாட்டிவிட்டுத் தாளைத் திருப்பினேன். திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தோம். வெளியே வெளுத்துக்கொண்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

கல்தச்சர் பெர்த்தோவிடம் கல்லுக்குத் தேதி சொன்னபோது பொய் சொல்ல நினைக்கவில்லை. மூன்று நாளாக ஒவ்வொரு தாளின் தலையிலும் எழுதிவந்த தேதி வாயில் வந்தது. கல்லை நட்ட பிறகுதான் கவனித்தேன். அப்போதே மாற்றியிருக்கலாம். மாற்ற முடியவில்லை. ஏனென்றால் உங்கள் எல்லோருக்கும் ஜூலை ஒன்று விடிந்த பிறகும் எனக்கு அந்த அறைக்குள் ஜூன் முப்பதாகவே இருந்தது. அந்த அறைக்குள் நோயெமி உயிரோடு இருந்தாள். நான் அவளுக்கு அப்பாவாக இருந்த கடைசி நாள் அதுதான், ஆர்மெல். அதைச் சுரண்டச் சொல்கிறாய்.

சரி, சுரண்டட்டும். ஆனால் நான் நேரில் எப்படி வருவேன்? அதே தேதி, அதே நள்ளிரவு. இங்கே துணைத் தலைவர் ஓஃபோரி, கானாக்காரர், நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் விட்டுவிட்டு வந்தால் முகாம்களுக்கு ஒரு மூட்டை அரிசி போகாது. நம் தூதரகத்தில் அதிகாரி முன்னிலையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் ஏற்பார்களா என்று கேட்டுப் பார்.

கஸ்பார்


வெர்சனே
8 ஜூன் 1983

கஸ்பார்,

கேட்டேன். "தூதரகக் கையெழுத்தெல்லாம் வீடு வாசல் விக்கறதுக்குச் செல்லும்மா. இதுக்கு ஆள்தான் வரணும்" என்றாள் மதாம் ஷப்புயி. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு நாள் லீவு கூடக் குடுக்க மாட்டாங்களா அவருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

நீ எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அந்த அறைக்குள் அவள் உயிரோடு இருந்தாள் என்கிறாய். எனக்கு அப்படி ஓர் அறை இருக்கவில்லை. நான் அவளைத் துடைத்து, நீலச் சட்டையைப் போட்டு, தலை வாரினேன். ஜூலை ஒன்று முழுவதையும் நான்தான் பார்த்தேன்.

வருவதும் வராததும் உன் பாடு. இனி எழுத மாட்டேன்.

ஆர்மெல்


பாரிஸ்
2 ஜூலை 1983

அன்புள்ள ஆர்மெல்,

முந்தாநாள் மத்தியானம் முழுதும் ஊராட்சி அலுவலகத்தில் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நாம் பேசிக்கொண்டது பத்து வாக்கியம் தேறாது. எனக்கு எழுதும்போதுதான் வாய் திறக்கிறது, என்ன செய்வது.

நான் எப்படி வந்தேன் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை இரவு அமர்வு முடிந்ததும் ஓஃபோரியை வராந்தாவில் நிறுத்தினேன்.

"நாளைக்கு நான் ஊருக்குப் போறேன். நீங்க நடத்துங்க."

"உடம்பு சரியில்லையா சார்?"

"என் பொண்ணு விஷயம்."

"உங்களுக்குப் பொண்ணு இருக்காங்களா?" என்றார். ஒன்பது வருடமாக என்னோடு வேலை செய்கிற மனிதர்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை, கல்லைப் பற்றி மட்டும். அவர் என் கையிலிருந்த கோப்பை வாங்கிக்கொண்டார். "போங்க சார். நான் பாத்துக்கறேன். போய்ட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான். மறுநாள் விமானத்தில் வந்தேன்.

இருவரும் கையெழுத்துப் போட்டோம். மதாம் ஷப்புயி முத்திரையைக் குத்திவிட்டு, "ஆச்சு. இன்னும் இருபத்தஞ்சு வருஷத்துக்கு யாரும் தொட மாட்டாங்க" என்றபோது நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். மறுநாள் ஜூலை ஒன்று. இரு என்று நீ சொல்லவில்லை. இருக்கட்டுமா என்று நான் கேட்கவில்லை. அன்று மாலையே ரயிலைப் பிடித்து இங்கே வந்துவிட்டேன். இருபத்தைந்து வருடப் பழக்கம், கால்கள் தானாக நிலையத்துக்குப் போய்விட்டன.

ஓஃபோரியிடம் நான் கொடுத்திருந்த முகவரியும் இந்த விடுதிதான். நேற்றுக் காலை இங்கே அவருடைய தந்தி காத்திருந்தது. எல்லோரும் கையெழுத்திட்டுவிட்டார்கள். நள்ளிரவுக்கு வெகு முன்பே முடிந்துவிட்டதாம். கடிகாரத்தைத் தொடவே வேண்டியிருக்கவில்லையாம். திங்கட்கிழமை லாரிகள் கிளம்புகின்றன. கவலையின்றி மனைவியோடு இருங்கள் என்று முடித்திருக்கிறார்.

நான் சந்தோஷப்பட வேண்டும். லாரிகள் போகின்றன, ஜனங்கள் சாப்பிடுவார்கள். அதற்குத்தானே இத்தனை வருடம். ஆனால் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நான் எழுந்து வந்தேன், ஒன்றும் கலையவில்லை. நான் நடத்தியிருந்தால் ஆகியிருக்கும் நேரத்தைவிடச் சீக்கிரமாகவே முடிந்திருக்கிறது.

அப்படியானால் அன்றைக்கு? அன்றைக்கும் நான் எழுந்து வந்திருக்க முடியுமா, ஆர்மெல்?

எனக்கு அறுபத்திரண்டு வயது. நியூயார்க், அடிஸ் அபாபா, பாங்காக், எல்லாவற்றையும் அந்த ஒரே நம்பிக்கையின் மேல்தான் கட்டினேன்: நான் எழுந்தால் எல்லாம் போய்விடும். அது சரியா என்று கேட்க உன்னைத் தவிர எனக்கு ஆளில்லை. தேறுதல் சொல்ல வேண்டாம். பொய் மட்டும் சொல்லாதே.

கஸ்பார்


வெர்சனே
7 ஜூலை 1983

கஸ்பார்,

பொய் சொல்லாதே என்று கேட்டிருக்கிறாய். சொல்லவில்லை.

அடக்கத்தன்று ஸ்டோர்ஹைம் வந்திருந்தார். நீ தேவாலய வாசலில் பாதிரியாரோடு நின்றிருந்தாய். அவர் தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே என் பக்கத்தில் வந்தார். "எனக்கு விஷயமே தெரியாதும்மா. யாரும் என்கிட்ட சொல்லல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்த நாற்காலியில உக்காந்திருப்பேனே. பெரிய பேச்செல்லாம் ராத்திரியே முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் விடிய விடியப் பண்ணதெல்லாம் கமாவும் புள்ளியும்தான்" என்றார். அவ்வளவு பெரிய மனிதர், விம்மி விம்மி அழுதார்.

நான் அழவில்லை. "இதை அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன். அவர் சாகும்வரை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நல்ல மனதால் சொல்லாமல் இருந்தேன் என்று எண்ணிவிடாதே. முதலில் ஆத்திரத்தில்தான் பத்திரப்படுத்தினேன். ஒருநாள், உனக்கு நன்றாக வலிக்கிற வேளை பார்த்து உன் முகத்தில் எறிய வேண்டும் என்று. பிறகு நீ ஒவ்வொரு ஊரிலிருந்தும் வரும்போது பார்ப்பேன். கறுத்து, இளைத்து, யார் யாருக்காகவோ அலைந்து திரிந்து வந்து நிற்பாய். அந்த ஒரு நம்பிக்கையை ஊன்றிக்கொண்டுதான் நடமாடுகிறாய் என்பது எனக்குத் தெரிந்தது. அதைப் பிடுங்க மனம் வரவில்லை. மனதில் வைத்துக்கொண்டு உன்னோடு ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கவும் முடியவில்லை. நான் ஏரிக்கரையிலேயே தங்கிவிட்டதற்குக் காரணம் கல்லறை என்று எல்லோரும் நினைத்தார்கள். நீயும் அப்படித்தான் நினைத்தாய்.

ஆகவே, ஆமாம். நீ வந்திருக்க முடியும்.

வந்திருந்தால் அவள் பிழைத்திருக்க மாட்டாள். டாக்டர் அப்போதே கைவிரித்துவிட்டார். அதை வைத்துச் சமாதானம் தேடாதே. அவள் இரண்டு தடவை "அப்பா எங்கம்மா?" என்று கேட்டாள். "கீழ கதவைத் திறந்துட்டு இருக்காரு, இப்போ வந்துடுவாரு" என்றேன். அவள் நம்பினாள். படிக்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இதையும் நான் உனக்குச் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பெர்த்தோ உளியோடு வருகிறார். அவருக்கும் வயதாகிவிட்டது, ஒரு நாள் முழுக்க ஆகும் என்கிறார். திங்கட்கிழமை மாலை ரயிலில் வந்தால் வீட்டில் தங்கலாம். மாடி அறையைப் பெருக்கி வைக்கிறேன். ஆனால் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்காதே, அதைத் தாங்க எனக்கு இப்போது தெம்பில்லை. பக்கத்தில் நின்றால் போதும்.

உன்னிடம் கேட்டிருக்கக் கூடியது எவ்வளவோ இருந்தது, கஸ்பார். நான் தேதியை மட்டும்தான் கேட்டேன்.

ஆர்மெல்